துவக்கு மாதிரி ஓர் அகப்பைப் பிடி

போன சனிக்கிழமை என் கணவர் யோகனை ஓஸ்லோ பொலிஸ் மறித்தது. குற்றம்? கையில் ஓர் அகப்பைப் பிடி.

ஹவுகெட்டோவில் இருக்கும் என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையில் பிடிமானம் இல்லை. கரண்டி நழுவுகிறது. சமையலறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டே பழகிய மனுசி... சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

யோகனிடம் ஒரு த்ரீடி பிரிண்டர் இருக்கிறது. ஸ்டோவ்னரில் எங்கள் படுக்கையறையில் பாதி அதற்குத்தான். பிளாஸ்டிக்கை உருக்கி, கேட்ட உருவத்தை அடித்துத் தரும். அக்காவின் உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி வளைந்த பிடி ஒன்றை அடித்தார். விரல் பதியப் பள்ளங்கள். அகப்பைக் காம்பைச் செருக ஓர் ஓட்டை. நிறம் கறுப்பு.

அது அசல் கைத்துப்பாக்கியின் கைப்பிடி மாதிரியே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை!

அக்காவிடம் கொடுக்க இருவரும் கிளம்பினோம்; டி-பான் மெட்ரோ ரயிலில் அதை இறுக்கிப் பிடித்துப் பார்த்தபடியே வந்தார். எதிரே இருந்த பெண் எழுந்து போனார். ஹவுகெட்டோ ரயிலுக்கு மாற நகர மத்தியில் இறங்கினால் — மேடையில் இரண்டு பொலிஸ்.

யோகனின் கைகள் தாமாகவே மேலே போயின். யாரும் உயர்த்தச் சொல்லவில்லை. இளவயதில், யாழ்ப்பாணத்து ஆமிச் சோதனைச் சாவடிகளில் பழகிய கைகள். இத்தனை வருட நோர்வே வாழ்க்கை அதை மறக்கடித்திருக்கும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்?

பொலிஸிடம் அனுமதி கேட்டுவிட்டு என் பையிலிருந்த அகப்பையை எடுத்துச் செருகி, பிரிண்டரில் அடித்த பிடி என்று சொல்லிக் காட்டினேன். இருவரில் பெண் பொலிஸ் அதை வாங்கி, காற்றில் ஒரு கிண்டு கிண்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கையை இறக்குங்கள்" என்றார் மெதுவாக. "அந்தப் பெண் பயந்ததும் பிழையில்லை. இந்த மெஷினில் நிஜத் துப்பாக்கியே அடிக்கிறார்கள்."

ரயிலில் ஏறியதும் மகளுக்குப் போன் செய்து, யோகனும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். அவள் இஞ்சினியர்.

"அம்மா, துவக்கு வடிவம் எதையும் அடிக்காதபடி பிரிண்டரைப் பூட்டவேணும் எண்டு சில நாடுகளிலை சட்டம் கேக்கினம். இஞ்சையும் வந்தால் அப்பான்ரை பிடியையும் மெஷின் அடிக்காது. எதிர்க்கவேணும்."

எனக்கும் கொதித்தது. அகப்பைப் பிடிக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியாத சட்டம் எதற்கு?

"வரட்டுமப்பா" என்றார் யோகன்.

"என்னப்பா கதைக்கிறியள்? உங்கட மெஷினெல்லோ?" என்றேன்.

"ஓம், என்ரை மெஷின்தான். பிடியை நான் வேற வடிவத்திலை அடிப்பன். இல்லாட்டி மரத்திலை செதுக்குவன். ஆனால் வீட்டுக்குள்ளை இருந்து துவக்குச் செய்யேலும் எண்டு வந்தால்... பிறகு எங்கை ஓடுறது?"

என்னிடம் பதில் வாதம் இருந்தது. ஆனால் மேடையில் தாமாகவே உயர்ந்த அந்தக் கைகளைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அக்கா பிடியை வாங்கி, ஒரு முறை இறுக்கிப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு. கிண்டக் கிண்ட முகம் மலர்ந்தது.

"தம்பி, நழுவேல்லை" என்றார் யோகனிடம்.

யோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் அணிந்திருந்த கண்ணாடியை.

குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. மூவரும் வழித்து வழித்துச் சாப்பிட்டோம்.

அக்காவின் உப்பைக் கட்டுப்படுத்த யாராவது சட்டம் கொண்டுவந்தால், முதல் எதிர்ப்பு யோகனுடையதாகத்தான் இருக்கும்.