மரியதாஸின் உப்பு வழக்கு

மரக்காணம் உப்பளத்தில் மரியதாஸ் மேஸ்திரியோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. மழை வரும் என்று செல்போன் சொன்னால், வராது என்பார். வந்துவிட்டால், இதெல்லாம் ஒரு மழையா என்பார். நல்ல மனிதர், வாயைத் திறக்காத வரைக்கும்.

அப்படிப்பட்டவர் ஒருமுறை கோயிலோடு சண்டை போட்டார். அதுவும் உப்புக்காக. நான் கோயில் பாட்டுக்குழுவில் டிரம் வாசிப்பவன். எல்லாவற்றையும் கிட்டத்தில் இருந்து பார்த்தேன்.

அன்றைய பிரசங்கத்தில், ஆண்டவர் சொன்னபடி ருசி போன உப்பு எதற்கும் உதவாது, தெருவில்தான் கொட்ட வேண்டும், நம் விசுவாசமும் அப்படித்தான் என்றார் ஃபாதர். பூசை முடிந்ததும் மரியதாஸ் அவரை வாசலிலேயே மறித்தார்.

"ஃபாதர், உப்பு கரையும், ஒத்துக்கறேன். ஆனா இருக்குற வரைக்கும் கரிக்கும். ருசி எப்படிங்க போவும்? முப்பது வருஷமா அளத்துல நிக்கிறேன்."

"சரிங்க மேஸ்திரி, இனிமே ஆண்டவருக்கு நீங்களே பாடம் எடுங்க" என்றார் ஃபாதர்.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மனைவி சகாயசெல்வி மட்டும் வந்தார். முதல் மாதம் நிஜமான கோபம். இரண்டாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கம் எவ்வளவு சுகம் என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு மீன் மார்க்கெட், டிவி, மறுபடியும் தூக்கம். உப்புப் பாத்தியில் இறங்கும் முன் நெற்றியில் சிலுவை போடுவார். அந்தப் பழக்கம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. யாராவது கேட்டால் மட்டும் உப்பு வழக்கைத் தூசி தட்டி எடுப்பார். "அந்த ஃபாதர் தப்புன்னு ஒத்துக்கட்டும். மறுநாளே வரேன்." இப்படியே ஏழே முக்கால் வருடம் ஓடிவிட்டது.

பிறகு அந்த நவம்பர் புயல் வந்தது. பட்டப்பகலில் அவர் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு ஷீட் பறந்துபோனது. சகாயசெல்வி ஜெபமாலையோடு உட்கார்ந்தார். மரியதாஸும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொன்ன ஜெபத்தில் அடுத்த வரி வரவில்லை.

"பயந்துட்டேம்பா" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "காத்துக்கு இல்ல. உள்ள ஒண்ணுமே இல்லாம போச்சேன்னு."

திரும்பிப் போக வேண்டும் என்ற ஏக்கம் அன்றே வந்துவிட்டது. ஆனால் எந்த முகத்தோடு போவது? போனால் வழக்கில் தோற்றதாக ஆகிவிடுமே. ஞாயிறுதோறும் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டுவார், கழற்றுவார். கிறிஸ்துமஸ் பூசைக்கும் அதே கதைதான்.

புத்தாண்டு முடிந்த சனிக்கிழமை மதியம் மீன் குழம்பை வாயில் வைத்தவர் முகம் சுளித்தார்.

"உப்பே இல்லியே."

"மூணு கை அள்ளிப் போட்டேன். நீங்களே போய்ப் பாருங்க."

கூரை பறந்த மூலையில்தான் வீட்டு உப்பு மூட்டை இருந்தது. பாத்தியின் அடியில் சுரண்டிய மட்ட உப்பு. ஒரு மாத மழை அதற்குள் இறங்கி, உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிருந்தது. வெள்ளையாக, பொடியாக ஏதோ மிச்சம் இருந்தது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். இன்னொன்று வைத்தார். சுண்ணாம்புத் தூளைத் தின்ற மாதிரி இருந்தது.

வேறொரு நாளாக இருந்தால், இது உப்பே இல்லை, அதனால் நான் சொன்னதுதான் சரி என்று அதிலும் ஜெயித்திருப்பார். அன்று வாதாடவில்லை.

"பாக்க உப்பாட்டமே இருக்குது. என்னை மாதிரியே" என்றார்.

சகாயசெல்வி குழம்புச் சட்டியை இறக்கியபடி, "தூக்கித் தெருவுல கொட்டிட்டு வாங்க" என்றார். அவர் மூட்டையைத்தான் சொன்னார். மரியதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை, அந்தப் பொடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அதை ஃபாதர் கையில் கொடுத்துவிட்டு, நான் தோத்துட்டேன் என்று சொல்லிவிடுவது திட்டம். வாசலில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தேசப்பன் நின்றிருந்தார்.

"அந்த ஃபாதரா? அவரு மாத்தலாகிப் போயி அஞ்சு வருஷம் ஆவுதே மேஸ்திரி. இப்ப இருக்கறவரு கிறிஸ்துமஸ் சமயத்துலதான் வந்தாரு."

எதிராளி ஊரைவிட்டுப் போன பிறகும் இவர் மட்டும் தனியாக வழக்கு நடத்தியிருக்கிறார். திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் மணி அடித்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

தேசப்பன் மைக்கைப் பிடித்து வழக்கம்போல நோட்டைப் பார்த்துப் படித்தார். "இன்றைய திருப்பலி, நெடுநாளாக நோயுற்றிருக்கும் மரியதாஸ் நலம்பெற, அவர் துணைவியார் சகாயசெல்வியின் வேண்டுதல்..." படித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் ஏழு வருடமாக இது படிக்கப்படுகிறது. அவர் மூட்டை தூக்குகிற ஆள், ஒரு தும்மல்கூட இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன நோய் என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் கூடவே வேண்டிக்கொண்டோம். தெரியாமல் இருந்தது அவருக்கு மட்டும்தான்.

பெண்கள் பக்கம் சகாயசெல்வி முக்காட்டை முகம் வரை இழுத்துக்கொண்டார். விவரம் தெரியாத புது ஃபாதர் பீடத்திலிருந்து கேட்டார்:

"மரியதாஸ் வீடு எங்கங்க இருக்குது? ஒருநாள் போயி எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டு வரணும்."

மரியதாஸ் எழுந்தார். என் கையில் டிரம் குச்சி அப்படியே நின்றது. மனிதர் வாழ்நாளில் வாதாட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"நான்தாங்க ஃபாதர்."

"நடந்தே வந்துட்டீங்களா? உடம்பு எப்படி இருக்குது?"

மரியதாஸ் மனைவியின் முக்காட்டுப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப நாளா சரியில்லைங்க ஃபாதர். எனக்குத்தான் தெரியல, வீட்ல கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார். "அடுத்த மாசமும் என் பேரைப் படிக்கச் சொல்லுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தேசப்பன் பேனாவை எடுத்து, பிப்ரவரிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.