துளி மருந்தும் அவள் வராத நித்திரையும்

எனக்குக் கஞ்சாவை மருந்தாக எழுதித் தந்தவர் இங்கே சுவிஸில், பேர்ண் நகரத்தில் ஒரு வைத்தியர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பாத நரம்புகளைக் கெடுத்துவிட்டது. கொதிக்கும் எண்ணெய்க்குள் வைத்ததுபோல் கால் எரியும். அந்தக் காலோடுதான் வருடக்கணக்காக ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்று வேலை செய்தேன். இனி நிற்கத் தேவையில்லை என்று ஓய்வு வந்ததும் அது படுக்கவும் விடவில்லை.

மருந்துக் கடைப் பெண் சின்னப் போத்தல் ஒன்றை என் முன்னால் வைத்துப் பாடம் நடத்தினாள். இது இந்திகா வகையாம். பழைய மலைச்செடி, குள்ளமாக வளரும், இலை அகலம், பூவெல்லாம் பிசின். உடம்பைத் தளர்த்தி நித்திரையைக் கொடுக்கும் என்று பெயர் எடுத்த செடி. ஆனாலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வாய் காயும், பசிக்கும். எல்லாம் சொல்லிவிட்டு, உங்கள் நாட்டுப் பக்கத்துச் செடிதானே, உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று சிரித்தாள். எங்கள் பக்கத்தில் பொலிஸ் பிடித்த செய்தியில்தான் எனக்கு அதைத் தெரியும். ஒரு பியர்கூடக் குடித்திராத மனிதன் நான். தலையாட்டிவிட்டுப் போத்தலைப் பையின் அடியில், லீக்ஸ் கட்டுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு ட்ராம் ஏறினேன். கோயிலில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் நான் வீடு வந்து சேருமுன் லோசானில் இருக்கும் மகளுக்குக் கதை போயிருக்கும்.

பொய் சொல்லக்கூடாது, மருந்து வேலை செய்தது. காலையில் சில துளி, படுக்கப்போகும்போது கொஞ்சம் கூடுதலாக. ஒரு மணித்தியாலத்தில் முதலில் தோள் இறங்கும், பிறகு தொடை நனைந்த சாக்குப்போலக் கனக்கும். எரிவு இருக்கும், ஆனால் அது பக்கத்து அறையில் யாருக்கோ எரிவதுபோல் இருக்கும். விடியும்வரை ஒரே நித்திரை. எழும்பினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும்.

அந்த நித்திரைக்குள் என் மனைவி வரவில்லை.

அவள் போய் மூன்று வருடம். அதுவரை கிழமைக்கு ஒரு தரமாவது கனவில் வந்துகொண்டிருந்தாள். பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டாள். நான் கூட்டி வைத்த ஹீட்டரைக் குறைப்பாள், வாடிய கத்தரிக்காய் வாங்கியதற்கு ஏசுவாள், சீனிக் குளிசை குடித்தேனா என்று கேட்பாள். உயிரோடு இருந்தபோதும் ஒவ்வொரு காலையும் அதே கேள்விதான். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நான் ஓம் என்பேன், அவள் நம்பாமல் முகத்தைப் பார்ப்பாள். இந்த வீட்டில் என்னோடு கதைத்த ஒரே ஆள் கனவில் வந்த அவள்தான். மகள் ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பாள், வேலைக்குப் போகும் வழியில், பஸ் வரும்வரை.

மருந்து தொடங்கிய அதே கிழமையில்தான் மனைவியின் திவசமும் வந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் அரிசியும் காய்கறியும் கோயிலில் ஐயரிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் இலை போட்டுப் படைக்காமல் இருந்துவிட்டேன். ஒரு மாதம் அவள் கனவில் வராமல் போனதும் எனக்கு விளங்கிவிட்டது: கோபம். வேறு யோசனையே எனக்கு வரவில்லை.

அமாவாசைக்கு நானே சமைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பயற்றம் பாயசம், அவள் அலுமாரிக்குள் எனக்குத் தெரியாமல் ஒளித்துச் சாப்பிடும் நட்ஸ் போட்ட சொக்கலேட். படைத்துவிட்டு, காகத்துக்குப் பல்கணியில் சோறு வைத்துக் காத்திருந்தேன். காகம் தொடாமல் நாங்கள் தொடக்கூடாது. பேர்ண் காகங்களுக்கு அவசரமே இல்லை. எதிர் வீட்டுக் கூரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. காலைத் துளிகளின் பசி எனக்குள் குடைந்தது. அந்தப் பசிக்கு மானம் மரியாதை கிடையாது. ஒரு கரண்டி என்று தொடங்கி இலையை வழித்துத் தின்றுவிட்டேன், சொக்கலேட்டையும். பிறகு பல்கணிக் கதவடியில் இருந்து அழுதேன். இனி அவள் வரவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த முறை வைத்தியரிடம் போனபோது நித்திரை எப்படி என்று கேட்டார். நல்லது, ஆனால் கனவு ஒன்றும் இல்லை என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் கணினியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த மருந்தில் பலருக்கும் அப்படித்தான். நிறுத்தினால் கனவு திரும்பி வரும், முன்பைவிடக் கூடுதலாகவே வரும். வலியும் வரும்."

அவருக்கு அது சின்னப் பக்கவிளைவு. அவளுக்குக் கோபம் இல்லை. வாசலில் வந்து நின்றவளை நான்தான் துளித்துளியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்றே நிறுத்தினேன். வைத்தியருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எரிவு முழங்கால்வரை ஏறியது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். தொலைபேசியில் மகள் வலி எப்படி என்று கேட்டபோது, நல்ல சுகம் என்றேன். அவள் சந்தோசப்பட்டாள், பஸ் வந்துவிட்டது.

ஆறாம் நாள் விடியப்புறம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அவள் வந்தாள். வந்ததும் ஹீட்டரைக் குறைத்தாள். கட்டிலில் என் கால்மாட்டில் இருந்து, பாதத்தில் சுற்றியிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"மருந்து குடிச்சனீங்களோ?"

உண்மையைச் சொன்னால் குடிக்கச் சொல்வாள். குடித்தால் அவள் வரமாட்டாள்.

"ஓம், குடிச்சிட்டன்" என்றேன்.