கை காட்டாமல் நின்ற வண்டி

நாறும்பூநாதபிள்ளை கல்யாண வீடுகளில் சமைக்கும் தவசிப்பிள்ளை. ஊர் திருப்புடைமருதூர். இருபத்தாறாவது வயதில், வீரவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும்போது பானை நழுவி, கொதிக்கிற கஞ்சி அவருடைய இடது பாதத்தில் கொட்டிவிட்டது. புண் ஆற அடுத்த நெல் அறுப்பு வரை ஆயிற்று. ஆறிய பிறகும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

அடுப்படியில் நிற்பதற்குக் கால் பெரிய தடையில்லை. ஊர் ஊராகப் போவதுதான் பாடு. செங்கோட்டைக்கு ரயில் விட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் கல்யாணம் நடக்கிற ஊரெல்லாம் ரயில் நிற்கிற ஊராக இருப்பதில்லை. அதனால் அவர் ரஸ்தா ஓரத்து மரத்தடியில் நின்று, வருகிற வண்டிக்குக் கை காட்டி ஏறிக்கொள்ளப் பழகினார். நெல் வண்டி, வைக்கோல் வண்டி, செங்கல் வண்டி எதுவானாலும் சரி. முன்னால் இடம் கேட்கமாட்டார். பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் தூங்குவார்.

ஒருமுறை வைக்கோல் வண்டியின் உச்சியில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி ஆலங்குளம் பக்கம் ஒரு களத்தில் விழித்தார். மேலே ஆள் இருப்பது வண்டிக்காரனுக்கே மறந்துபோயிருந்தது. களத்துக்காரர்கள் சிரித்துவிட்டுக் கூழ் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொருமுறை கங்கைகொண்டானுக்கு இந்தப் பக்கம், கால்வாயில் கை கழுவ இறங்கினார். நிமிர்ந்து பார்த்தால் வண்டியைக் காணோம். அவருடைய கரண்டிக் கட்டும் அதோடு போய்விட்டது. சட்டுவம், கண்கரண்டி, தேங்காய்த் துருவி எல்லாம் அதில் இருந்தன. அன்று கல்யாண வீட்டில் இரவல் கரண்டி வாங்கித்தான் சமைத்தார். அதற்குப் பிறகு புதிதாக வாங்கிய கரண்டிக் கட்டை மடியை விட்டு இறக்குவதில்லை.

1909ஆம் வருஷம் ஆவணியில் முக்கூடலில் தாணுமாலையபிள்ளை வீட்டுக் கல்யாணம். பெரிய கை, நாலு வருஷமாக அந்த வீட்டு விசேஷங்களுக்கு நாறும்பூநாதபிள்ளைதான் சமையல். மறுநாள் முகூர்த்தம். முந்தைய நாள் காலையில், திருநெல்வேலியில் ஒரு விசேஷத்தை முடித்துவிட்டு, அவர் பேட்டையைத் தாண்டி ரஸ்தாவில் நின்றுகொண்டிருந்தார். கிழக்கேயிருந்து கூண்டு வண்டி ஒன்று வந்தது. கூண்டு வண்டியில் பெண்கள் இருப்பார்கள் என்று அவர் கை காட்டவில்லை. வண்டி தானாக நின்றது.

"ஐயா எங்க போறிய?" என்று வண்டிக்காரன் கேட்டான். முப்பது வயது இருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

"முக்கூடலுக்கு. நீரு எங்கன?"

"அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்க. ஏறிக்கிடுங்க."

உள்ளே வைக்கோல் மேல் ஒரு பெண் பழம்புடவையைப் போர்த்திப் படுத்திருந்தாள். முகமும் மூடியிருந்தது. அவர் தயங்கினார்.

"என் பொஞ்சாதிதான். பாளையங்கோட்டை ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டுத் திரும்புதேன். காய்ச்ச. ஒறங்குதா. நீங்க ஏறுங்க ஐயா."

அவன் பெயர் சங்கிலிபூதத்தான். வயல் கூலி வேலை. வண்டி பண்ணையாருடையது, இரவல். அதைச் சொல்லிவிட்டு அவன் மாட்டைத் தட்டினான். சுத்தமல்லி தாண்டியதும் வெயில் பின்பக்கத்திலிருந்து அடித்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் பாதங்களில் வெயில் படுகிறதே என்று நாறும்பூநாதபிள்ளை தன் தோளிலிருந்த துண்டை எடுத்து மூடினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பாலத்து மேட்டில் வண்டி ஏறியது. அவள் உடம்பு அப்படியே பின்னால் வழுக்கி வந்து அவருடைய முழங்காலில் இடித்தது. பிடித்துத் தள்ளக் கை வைத்தார். புடவைக்கு மேலேயே உடம்பின் விறைப்பு தெரிந்துவிட்டது.

"எப்பா, வண்டிய நிறுத்து."

சங்கிலிபூதத்தான் நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"எப்போ?"

"விடியுதுக்குள்ள. ஆசுபத்திரியில இனிமே முடியாது, கொண்டு போன்னுட்டாவ. ஆத்துப் பாலத்துக்கிட்ட வரும்போது தண்ணி கேட்டா. நான் எறங்கி மொண்டுட்டு வாரதுக்குள்ள..."

"ஏறும்போதே சொல்லியிருக்கலாமே வே."

"சொன்னா ஏறுவியளா?"

அவர் நழுவிக் கிடந்த துண்டை எடுத்து அவள் பாதங்களை மறுபடியும் மூடினார்.

"மேட்டுல ஏறும்போதெல்லாம் உருண்டு வாரா ஐயா. மாட்டப் பிடிக்கவா, அவளப் பிடிக்கவா? ஒரு தடவ ரோட்டுலயே விழப் பாத்தா. ஆரையாவது பின்னால ஒக்கார வச்சாப் போதும்ன்னு நெனச்சேன். நீங்க எறங்கிக்கிடுங்க. தப்புதான்."

நாறும்பூநாதபிள்ளை இறங்கினார். புளிய மரத்தடியில் கரண்டிக் கட்டோடு நின்றார். சாவுத் தீட்டோடு கல்யாண அடுப்பைப் பற்றவைக்க முடியாது. ஆனால் தொட்டது யாருக்கும் தெரியாது. ஆற்றில் முழுகிவிட்டுப் போனால் யாரும் கேட்கப் போவதுமில்லை. வண்டி நகர்ந்தது. அடுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது, சங்கிலிபூதத்தான் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பின்னால் நீட்டி அவளைத் துழாவுவது தெரிந்தது.

அவர் நொண்டிக்கொண்டே எட்டி நடந்து மறுபடியும் ஏறினார்.

முக்கூடலுக்குள் நுழையும்போது கொட்டுச் சத்தம் கேட்டது. வாழை மரம் கட்டிய பந்தலுக்கு முன்னால் தாணுமாலையபிள்ளையே நின்றுகொண்டிருந்தார்.

"வாரும் வே, வாரும்! மணி என்ன ஆவுது? காய்கறியெல்லாம் வந்து கெடக்கு. எறங்கும்."

நாறும்பூநாதபிள்ளையின் ஒரு கை போர்வையின் மேல் இருந்தது. காரணத்தைச் சொன்னால், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் பிணம் வந்து நின்றது என்று ஆகிவிடும். அது கல்யாணப் பெண்ணின் தலையில்தான் விடியும்.

"அண்ணாச்சி, வேற ஆளப் பாத்துக்கிடுங்க. என்னால ஆவாது."

"என்னவே சொல்லுதீரு? வெளையாடுதீரா?"

"எப்பா, ஓட்டு," என்றார் அவர். பின்னாலிருந்து வந்த ஏச்சு தெருமுனை வரை கேட்டது.

சாயங்காலம் சங்கிலிபூதத்தானின் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பெண்கள் ஓடிவந்து அவளை இறக்கினார்கள். பேர் இசக்கியம்மா என்பது அவர்கள் அழுதபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் சற்று தள்ளி உட்கார்ந்திருந்தார். எரியூட்டி முடியும் வரை இருந்துவிட்டு, ஆற்றில் குளித்து, மறுநாள் வேறொரு வண்டியில் வீடு வந்தார்.

மனைவி பிரம்மநாயகி வாசலிலேயே தலையில் தண்ணீர் ஊற்றினாள். கல்யாணத்தை விட்டதற்காகத் திட்டினாள். சாப்பாடு போடும்போது கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?"

"மொகத்தப் பாக்கல," என்றார் அவர்.

அந்த வருஷம் அவரை யாரும் கூப்பிடவில்லை. கடைசி நேரத்தில் கைவிடுகிற ஆள் என்று பேர் பரவிவிட்டது. தை மாதத்துக்குப் பிறகு உண்மை எப்படியோ முக்கூடலுக்கு எட்டியது. தாணுமாலையபிள்ளை மனம் மாறுவார் என்று பிரம்மநாயகி எதிர்பார்த்தாள். அவரோ பிணவண்டி வாசலில் நின்றதற்கு ஐயரைக் கூட்டிப் பரிகாரம் செய்தார். அந்த வீட்டு அழைப்பு பிறகு வரவேயில்லை.

நாறும்பூநாதபிள்ளை தன்னைத் தெரியாத நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் வேலை தேடிப் போனார். அங்கே ஒரு மழை நாளில் உவரியிலிருந்து கருவாடு ஏற்றி வந்த வண்டிதான் கிடைத்தது.

"கருவாட்டு வண்டி அண்ணாச்சி. ஒங்களுக்கு ஒத்துக்கிடுமா?" என்று வண்டிக்காரன் பிச்சைக்கண்ணு கேட்டான்.

"காலுக்கு ஒத்துக்கிடும். ஓட்டும் வே."

இரண்டு தடவை குளித்தும் வாடை போகவில்லை. அன்று சமைக்கப் போன கல்யாண வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆனாலும் வேறு ஆள் கிடைக்காததால் சமைக்க விட்டார்கள். அவியலும் சொதியும் நன்றாக இருந்ததில் வாடையை மறந்து, அடுத்த விசேஷத்துக்கும் சொல்லியனுப்பினார்கள். அப்படித்தான் தெற்குப் பக்கம் அவருக்குப் பிழைப்பு ஊன்றியது.

சில வருஷங்கள் கழித்து அம்பாசமுத்திரம் சந்தையில் சங்கிலிபூதத்தானைப் பார்த்தார். மறுபடி கல்யாணம் செய்திருந்தான்; இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேசினார்கள். புறப்படும்போது அவன், "ஐயாவுக்குக் கால் இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டான். "அப்பிடியேதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

1916இல் ஒரு ஜமீன் மோட்டார் கார் அவரை ஏற்றிக்கொண்டது. கை காட்டியது பின்னால் வந்த மாட்டுவண்டிக்கு, நின்றது கார். களக்காட்டுக்கு முன்னால் அது புகைந்து நின்றுவிட, இரண்டு உழவு மாடுகளைப் பூட்டி இழுத்தார்கள். டிரைவர் அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கார் போன வேகத்தில் கதவைப் பிடித்துக்கொண்டே வந்த நாறும்பூநாதபிள்ளை, மாடு இழுக்கிற கதியில்தான் கையை எடுத்தார்.

அதற்கடுத்த வருஷம் பிரம்மநாயகியின் பிடிவாதத்தில் வீரவநல்லூர் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சிறிய சோற்றுக்கடை போட்டார். காலையில் இட்லி, மதியம் சோறு. கடைக்குப் பின்னாலேயே வீடு. பத்தடி நடந்தால் அடுப்பு; எந்த வண்டிக்கும் கை காட்ட வேண்டியதில்லை.