முழு வாக்கியமாகச் சொல்

புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எனக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வீடுகளில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்குக் கவலை கிடையாது. இன்னாருடைய அப்பா என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் ‘என்னங்க’, அடுத்தவரிடம் பேசும்போது ‘எங்க வீட்டுக்காரர்’, கோபம் வந்தால் ‘அந்த லோரிக்காரர்’. இதை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அவர் அரசாங்கத்தில் லோரி ஓட்டினார். ரோட்டுக்குக் கல்லும் தாரும் ஏற்றிப்போகிற வேலை. கல்யாணமானதும் மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் ஒரு செட்டி வீட்டுப் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கினோம். மலாக்கா செட்டிகள் என்றால் வட்டிக்கடைச் செட்டியார்கள் இல்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து, சாமியை விடாமல் வைத்துக்கொண்டு, பேச்சை மட்டும் மலாய்க்கு விட்டுக்கொடுத்தவர்கள். வீட்டுக்கார அம்மாவின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்து முதல் நாள் நான் தமிழில் பொரிந்து தள்ள, அந்த அம்மா சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னது. எனக்கோ பாசாரில் மீன் வாங்குகிற அளவு மலாய்தான் வரும்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷத்தில் அவருக்கு இருமல் வந்தது. தார்ப் புகை என்றார். அப்புறம் சுருட்டு என்றார். கைத்துண்டில் ரத்தத்தைப் பார்த்ததும் அவரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜாசினுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அது சட்டம்.

“பொம்பள தனியா டவுன்ல இருந்து என்ன செய்யப் போற? அறைய விட்டுட்டு எங்களோட வந்துரு. மாசத்துல ஒரு நாள் கூட்டியாந்து காட்டுறேன்.”

மாதத்தில் ஒரு நாள்! நான் வாரம் தவறாமல் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாலே ராத்திரிச் சோறு இறங்குவதில்லை. தோட்டத்துக்குப் போய்விட்டால் அவரை உயிரோடு பார்ப்பேனோ மாட்டேனோ. டவுனில் இருக்க வேண்டுமென்றால் எனக்கு ஒரு வேலை வேண்டும். சுங்கை ஊடாங் பக்கம் பட்டாளத்துக்கு முகாம் கட்டப்போகிறார்கள், வெள்ளைக்காரக் குடும்பங்கள் வரும், இங்கிலீஷ் தெரிந்த ஆயாவுக்கு வேலை நிச்சயம் என்றது வீட்டுக்கார அம்மா. அதன் தங்கை மகள் சாயங்காலத்தில் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்குள் வேலை தேடிக்கொள், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்று அண்ணி கெடு வைத்தார்.

வகுப்பு என்று பெரிதாகச் சொன்னாலும் அது ஒரு பழைய கொட்டகையும் நான்கைந்து பெஞ்சும்தான். டீச்சர் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவள், மலாய்க்காரிகள் மாதிரி கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மூங்கில் கூடையோடு வருவாள். கூடைக்குள் சட்டி, அகப்பை, குடை, தேங்காய்த் துருவி, சில நாள் உயிருள்ள பூனைக்குட்டி. ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்து, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்பாள். ‘பாட்’ என்று சொன்னால் போதாது. அகப்பையால் மேசையைத் தட்டி, “ஆயாத் பெனோ!” என்பாள். முழு வாக்கியமாகச் சொல் என்று அர்த்தம். “திஸ் இஸ் அ பாட்” என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தால்தான் அடுத்தவளிடம் போவாள். அதற்கப்புறம் எல்லோரும் சேர்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். யோசித்துப் பேசினால் தாமதமாகும், வாய் தானாகப் பேச வேண்டும் என்பது அவள் முறை. பூனைக்குட்டி மேசைக்கடியில் ஓடிவிட்டால் அதுவும் பாடம்தான். “வேர் இஸ் த கேட்? த கேட் இஸ் நாட் ஹியர்.” சிரித்துச் சிரித்துச் சொல்வோம்.

எனக்கு அந்தக் கொட்டகை பிடித்துப்போயிற்று. அங்கே சொன்ன வாக்கியங்கள் சரியாக இருந்தால் போதும், உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கள் வீட்டில் தோட்டம் இருக்கிறது, என் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போகிறார், சாயங்காலம் வந்து தேநீர் குடிக்கிறார் என்று கணீரென்று சொல்வேன். அந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குவளையைப் பிடித்துக்கொண்டு துப்பிக்கொண்டிருப்பார். இங்கிலீஷில் மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை.

பிறகு ‘என் குடும்பம்’ என்ற பாடம் வந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டாள். எழுந்து நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடியும் மெதுவாகக் கேட்டாள். அகப்பை மேசையைத் தட்டியது. எங்கள் வழக்கத்தை அவளுக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் மலாயும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. மற்ற நாளாக இருந்தால் துணிந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் அங்கே ஒவ்வொரு மூச்சாக எண்ணி இழுத்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வேன்? கொட்டகைக்கு எதிரே மளிகைக் கடைப் பலகை கண்ணில் பட்டது. கடைக்காரர் பெயர் அதில் தமிழில் பெரிதாக எழுதியிருந்தது. அந்தப் பெயரைப் போட்டு வாக்கியத்தை முடித்துவிட்டேன்.

“வெரி குட்,” என்றாள் டீச்சர். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளி, “எக்கா, எப்ப லா கடைக்காரரக் கட்டிக்கிட்ட?” என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி என் வாய்க்கு அது பழகிவிட்டது.

சுதந்திர நாளுக்கு முந்தின வாரம். டவுனில் பண்டார் ஹிலிர் பக்கம் முழுக்கத் தோரணம். அன்று பார்க்கப் போகும் நாள், அண்ணியும் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அண்ணி குழாயடியில் நின்றுவிட்டார். நான் முன்னால் போனேன். என் வீட்டுக்காரருடைய வார்டில் நோயாளிகள் ஒருவரும் இல்லை. கட்டில்களை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிலில் மெத்தைகூட இல்லை. சுண்ணாம்பு அடிப்பவன் பின்பக்கம் கையைக் காட்டினான். விழாவுக்காக வெள்ளையடிக்கிறார்கள், நோயாளிகளைப் பின்னாலிருந்த நீளக் கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று ஒருவாறு புரிந்தது. இருந்தாலும் அந்த மொட்டைக் கட்டிலைப் பார்த்த பிறகு அண்ணிக்குக் காத்திராமல் விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தேன்.

பின்கட்டட வாசலில் நர்ஸ் உடுப்பில் புது மிஸ்ஸி ஒருத்தி நின்றாள். சீனப் பெண், வாயை மறைத்துத் துணி கட்டியிருந்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள். மலாயில் பேசியிருக்கலாம். எனக்குத்தான் திமிர். இத்தனை நாள் படித்தது எதற்கு என்று நிமிர்ந்து நின்றேன். ஐ வான்ட் டு சீ மை ஹஸ்பன்ட் என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். பெயர் என்ன என்று கேட்டாள். வாய் தானாகப் பேசிற்று. டீச்சர் விரும்பியபடியே, யோசிக்காமல், மூச்சுவிடாமல், மளிகைக் கடைக்காரர் பெயரோடு.

மிஸ்ஸி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினாள். “ஹீ இஸ் நாட் ஹியர்.”

அவள் பேசியதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. பூனைக்குட்டிக்குச் சொன்ன அதே வாக்கியம். நான் எந்தப் பெயரைச் சொன்னேன் என்பது அப்போது என் புத்தியில் இல்லவே இல்லை. மொட்டைக் கட்டில்தான் கண்ணில் நின்றது. போய்விட்டார், எனக்கு ஆள்கூட அனுப்பவில்லை என்றுதான் நினைத்தேன். மிஸ்ஸியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி மொட்டைத் தலை, பாதிப் பேர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். நடுவில் நின்றுகொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்று சொல்ல வேண்டும். வெறும் பெயர், அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை.

கோடிக் கட்டிலில் ஓர் ஆள் எழுந்து உட்கார்ந்தார். இளைத்துப்போன தோள். அவர்தான்.

“யாரு புள்ள கூப்பிட்டது, நீயா?” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த நோய் வந்த பிறகு நான் பார்த்ததில்லை. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் அண்ணி தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

கடைக்காரர் கதையைச் சொன்னதும் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பும் இருமலுமாக வந்தது. அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு தடவையும் நான் போய் முக்காலியில் உட்கார்ந்ததும் டீச்சரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, “வாட் இஸ் யுவர் ஹஸ்பன்ட்ஸ் நேம்?” என்பார். நான் கடைக்காரர் பெயரைச் சொல்வேன். “வியாபாரம் எப்படி? பருப்பு என்ன விலை விக்கிறான் உன் வீட்டுக்காரன்?” என்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் காத்திருந்து சிரிப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் ஊசி கேட்காமல் போயிற்று. பேச்சு குறைந்தது. அப்படியும் ஒரு நாள் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் வழக்கம்போலக் கடைக்காரர் பெயரைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அது வேணாம். அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரி ஒரு தரம் கூப்பிடு புள்ள.”

“என்னங்க இது, சும்மா இருங்க.”

“ஒரே ஒரு தரம். யாரும் கேக்க மாட்டாங்க.”

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அன்றைக்குக் கத்தியதிலிருந்துதான் அவர் உடம்பு மோசமாகிறதோ என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஆசையாகக் கேட்கிறாரே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லிவிட்டால் போய்விடுவாரே என்றும் அடித்துக்கொண்டது. நல்லாகி வீட்டுக்கு வாங்க, நாள் முழுக்கக் கூப்பிடுகிறேன் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க வீட்டில் அண்ணி ஒரே ஒரு தடவை சொன்னார். “அத்தனை பேருக்கு நடுவுல பேரச் சொல்லிக் கூப்பிட்டியே, தாயி.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நோய் நெஞ்சு முழுவதையும் அரித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். அவர் கடைசியாகக் கேட்டது ஒரு வாய் வார்த்தை, அதைக்கூடக் கொடுக்கவிடாமல் என் வாயைக் கட்டிப்போட்டார்கள்.

கெடு தாண்டியும் அண்ணி என்னை அழைக்கவில்லை. நானும் போகவில்லை. பொங்கல் முடிந்த பிறகு டீச்சரே என்னை ஒரு பங்களாவுக்குக் கூட்டிப்போனாள். முகாம் கட்ட வந்த வெள்ளைக்காரர் வீடு, ஆயா வேலை. துரைசானி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். சமைப்பாயா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா, எங்கே குடியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் முழு வாக்கியமாகச் சொன்னேன். கடைசியாக, உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மளிகைக் கடைக்காரர் பெயர்தான் தெரியும். நான் அவருடைய பெயரைச் சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும்படி சொன்னேன். நாக்கு ஒட்டவில்லை. குறைவதற்கு இனி அவருக்கு ஆயுசு ஏது?

துரைசானி தலையை நிமிர்த்தி, இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாயே என்றாள். திங்கட்கிழமை வந்துவிடு என்றாள்.