பாண்டிச்செல்வியின் போனை வேகமாக்கியது

சேரப்பணஞ்சேரியில் செங்கமலத்தின் வீட்டு மாடியில் குடியிருக்கும் இசக்கிசெல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மெதுவான போனைக் கண்டால் இன்னும் கூடுதலாக வரும். அது அடுத்தவர் போனாக இருந்தாலும் சரி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் திரையைத் தேய்த்துத் தேய்த்துக் காத்திருந்தால் இவளுக்குக் கை பரபரக்கும். "கொண்டா இங்க" என்று பிடுங்கிவிடுவாள். இறங்கும் இடம் வருவதற்குள் அந்த போன் ஓட ஆரம்பித்திருக்கும். நன்றி சொன்னால் அதற்கும் ஒரு திட்டு விழும்.

ஊர் நாங்குநேரிப் பக்கம். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன்காரன் தினமும் சாயங்காலம் அவள் போனை வாங்கி, யாரிடம் பேசினாள், எவ்வளவு நேரம் பேசினாள் என்று பார்ப்பான். ஒரு நாள் அவன் கேட்கக் கூடாததைக் கேட்டான், இவள் சொல்லக் கூடாததைச் சொன்னாள், போன் சுவரில் போய் விழுந்தது. விரிசல் விட்ட அந்த போனை எடுத்துக்கொண்டு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது.

நிரந்தர ஆட்களைப் போல் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேட்டில் தேய்க்கிற அட்டை கிடையாது, போனில் ஒரு ஆப்தான். கேட்டில் நின்று அதில் முகத்தைக் காட்ட வேண்டும். திரையில் சுற்றும் வட்டம் பச்சையானால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். சுற்றிக்கொண்டே இருந்தால், நீ ரத்தமும் சதையுமாக வாட்ச்மேன் முன்னால் நின்றாலும் வரவில்லை என்றுதான் அர்த்தம். சேர்ந்த புதிதில் இசக்கிக்கு வட்டம் சுற்றியது, சுற்றியது, ஷிப்ட் ஆரம்பித்த பிறகும் சுற்றியது. சூப்பர்வைசர் அவளைப் பார்த்துக்கொண்டே, "ஆப்புல நீ இல்லியேம்மா" என்றார். படப்பையில் ஒரு போன் கடைக்காரனிடம் காட்டியபோது அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இத்த தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கம்மா" என்றான். அந்தப் பேச்சில் அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது. தூக்கிப் போட வேண்டியது எது, வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று இவன் யார் சொல்ல?

அறைத் தோழிகளின் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாட்ஸப்பில் தானாக வந்து இறங்கும் படங்களை நிறுத்துவது. பார்த்த வீடியோவை அழிப்பது, அழித்ததைக் குப்பைக் கூடையிலிருந்தும் அழிப்பது. தேவையில்லாத ஆப்பை நீக்குவது, மற்றவை சேர்த்து வைத்த தற்காலிகக் குப்பையான கேஷைத் துடைப்பது. போனின் அடிவயிற்றில் ஒளிந்திருக்கும் ஒரு எண்ணை விடாமல் தட்டினால் ஒரு மெனு திறக்கும். அங்கே போய்த் திரை மாறும்போது வரும் வழுக்கல் விளையாட்டுகளை நிறுத்திவிட்டால் கிழட்டு போனும் கொஞ்சம் நிமிரும். கடைசியில் ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். விரிசல் போனில் வட்டம் பச்சையான அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ வழக்கில் ஜெயித்தவள் மாதிரி நடந்து உள்ளே போனாள்.

அதிலிருந்து மாடிப்படியில் ஆள் நடமாட்டம் கூடிவிட்டது. வீட்டுக்காரி செங்கமலமே வாரம் ஒரு தடவை மேலே ஏறி வருவாள்.

"இன்னா இசக்கி, இது ஸ்டக்கு ஆயிகினே கீது. இன்னான்னு பாரேன்."

"ஒங்க நாத்தனாரு காலையில ஒரு சாமி, மத்தியானம் ஒரு சாமி, ராத்திரி ஒரு சாமின்னு அனுப்புதாவ. அத்தன சாமியும் உள்ள இருந்தா போனு எப்படிக்கா மூச்சு விடும்?"

"சாமி படத்தையா அழிக்கப் போற? ஏதாவது ஆயிடப் போவுது."

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது. ஒங்க நாத்தனாருதான் கோவிச்சுக்கிடுவாவ" என்று சொல்லிக்கொண்டே அழித்துவிடுவாள். செங்கமலம் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் போவாள்.

பாண்டிச்செல்வி அந்த மாடிக்கு வந்தது இப்படியல்ல. இசக்கியின் லைனிலேயே நிற்கும் சின்னப்பெண், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. வனமாமலை என்ற ஏஜென்ட் கூட்டிவந்த பெண்களில் ஒருத்தி. வேலையும் அவர்தான் வாங்கிக் கொடுப்பார், தங்குவதும் அவர் ஹாஸ்டலில்தான். வேன் அவருடையது. ஷிப்ட் முடிந்து வேன் ஹாஸ்டலுக்குள் நுழைந்ததும் கதவு பூட்டப்படும், போன்கள் மேசை டிராயருக்குள் போய்விடும். பெற்றவர்களுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பாண்டிச்செல்வி தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியதை டிராயர் போனில் பார்த்து, வனமாமலை அவள் அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். அப்பா மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிட்டார். கம்பெனி நிரந்தரம் செய்யப் போகிறது, அதுவரை பொறுங்கள் என்று அழுது தவணை வாங்கியிருந்தாள் பாண்டிச்செல்வி.

இதைக் கேட்டதும் இசக்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஹாஸ்டல் பெண்களை வெளியே விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலிலிருந்து பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றித் தன் அறைக்கே கூட்டிவந்துவிட்டாள். மறுநாள் வனமாமலை தெருவில் வந்து நின்று கத்தினார். செங்கமலம் விளக்குமாறோடு வெளியே வந்து, "இன்னாடா, என் வூட்டாண்ட வந்து கூவிகினு கீற? பொண்ணு வேலைக்குப் போவுது, வூட்டுக்கு வருது, உனுக்கு இன்னா?" என்று கேட்டதும் போய்விட்டார். போகும்போது அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நல்ல நாட்கள்தான். பாண்டிச்செல்வி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். கேட்க ஆளில்லை என்றதும் ஆசை தீர எல்லாவற்றையும் இறக்கினாள். நகை டிசைன், சமையல், விளையாட்டு, முகத்தை வெள்ளையாக்கும் ஆப் என்று அடைத்து அடைத்துப் போன் நகர மறுத்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் அறிவிப்பு வந்தது. காண்ட்ராக்ட் ஆட்களிலிருந்து சிலரைக் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள், இந்த மாதம் ஆப்சென்ட் விழாதவர்களுக்குத்தான் முதலிடம். பாண்டிச்செல்விக்கு இது வெறும் வேலை இல்லை. அப்பாவிடம் வாங்கிய தவணைக்கு இதுதான் பதில். மறுநாளே கேட்டில் அவள் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கடைசி நொடியில் பச்சையானது. உள்ளே ஓடினாள்.

சாயங்காலம் இசக்கி போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமான வேலை, வழக்கமான திட்டு. எல்லாம் முடிந்தும் அட்டென்டன்ஸ் ஆப் மட்டும் திறக்க நேரம் எடுத்தது.

"அக்கா, அத மட்டும் விட்டுருங்க. அதுல எதையும் தொடக் கூடாதுன்னு வனமாமலை அண்ணன் சொல்லிருக்காவ."

அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் இசக்கி ஒருவேளை விட்டிருப்பாள்.

"அவன் சொன்னா பெரிய இதா? பூட்டுன கதவத் தாண்டி வந்தப்பெறவும் அவன் பேச்சத்தான் கேப்பியா? என்னத்துக்குத் தொடக் கூடாதாம்?"

"தெரியலக்கா. சேர்ந்த அன்னைக்கே சொன்னாவ."

"தெரியலல்லா. அப்ப சும்மா இரு."

கேஷைத் துடைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, மொத்தத்தையும் துடைக்கும் பொத்தான் இருக்கிறது. இசக்கி தன் போனில் அதையும் அழுத்தியிருக்கிறாள். ஆப் வெளியே தள்ளிவிடும், தன் எண்ணுக்கு ஓடிபி வரும், போட்டால் மறுபடி உள்ளே போய்விடலாம், முன்னைவிட வேகமாக ஓடும். அதே தைரியத்தில் அழுத்தினாள். ஆப் வெளியே தள்ளியது. ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் இசக்கி திரையில் எண்ணின் கடைசி இலக்கங்களைப் படித்தாள்.

"ஏட்டி, இது ஒன் நம்பரே இல்லியே."

வேலையில் சேர்ந்த அன்று பாண்டிச்செல்வியிடம் சொந்த சிம் இல்லை. வனமாமலை தன் சிம் ஒன்றின் எண்ணைக் கொடுத்து ஆப்பில் சேர்த்திருந்தார். அவர் கூட்டிவந்த பெண்களுக்கெல்லாம் இப்படித்தான், அதற்கென்றே பை நிறைய சிம் வைத்திருந்தார். யாரும் ஆப்பிலிருந்து வெளியே வராதவரை அது எதையும் கேட்பதில்லை, அதனால் யாருக்கும் அது நினைவில் இல்லை. இசக்கி ஏஜென்ட் மூலம் வராமல் தானாக வந்தவள், அவளுக்கு இந்த வழக்கமே தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். இத்தனை போனைப் பிடுங்கிப் பார்த்தவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் பாண்டிச்செல்வியைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆப்சென்ட். இசக்கி லீவு சொல்லிவிட்டு அவளைக் காண்ட்ராக்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். அங்கே உட்கார்ந்திருந்த கோபால் கெட்டவன் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"நம்பர் மாத்தணும்னா உன்ன இட்டுகினு வந்த ஏஜென்ட் ஓகே சொல்லணும்மா. சிஸ்டத்துல அப்டித்தான் கீது. நான் இன்னா பண்றது?"

"ஆளு நேர்ல நிக்காளே, இவ மூஞ்சி தெரியலையா ஒங்களுக்கு?"

"எனுக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணும்ல. நாளைக்குள்ள உள்ள வந்துச்சுன்னா வேலையாவது தப்பும். அதுக்கு மேல போச்சுன்னா ஆளு ஓடிடுச்சுன்னு எடுத்துடுவாங்க."

வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று இசக்கி வனமாமலைக்குப் போன் போட்டாள். கண்டெய்னர் லாரிகள் போகிற இரைச்சலிலும் அவர் குரல் இனிமையாகக் கேட்டது.

"யாரு, போன் டாக்டரம்மாவா? சொல்லுங்க."

"இப்ப மறுபடி ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க."

"வந்துச்சு, வந்துச்சு. நேத்து சாயங்காலமே ஒண்ணு வந்துச்சு. அப்பவே நெனச்சேன், பாண்டி நம்மளத் தேடுதாளேன்னு."

"அவ வேலையே போயிரும்."

"நானும் அதத்தாம்மா சொல்லுதேன். ஏம் பொறுப்புல வந்த புள்ள. அவ அப்பாவுக்கு நான்தான பதில் சொல்லணும்? பெட்டிய எடுத்துட்டு ஹாஸ்டலுக்கு வரச் சொல்லு. வாசல்ல கால வச்ச நிமிசமே புது ஓடிபி நம்பரச் சொல்லிருதேன்."

இசக்கி தன் வாழ்நாளில் யாரையும் கெஞ்சியதில்லை. புருஷனைக்கூடக் கெஞ்சவில்லை. அன்றைக்கு, "அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். நான் தொட்டதுதான். என்ன வேணும்னாலும் என்னச் சொல்லுங்க, அவள விட்டுருங்க" என்றாள். அந்தப் பக்கம் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள வந்துரச் சொல்லும்மா" என்று வைத்துவிட்டார்.

வேறு கம்பெனி பார்க்கலாம் என்று இசக்கி சொல்லிப் பார்த்தாள். பாண்டிச்செல்வி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிரந்தரம் ஆவுற நேரத்துல வேற எங்கக்கா போவேன்? வேல போச்சுன்னு அப்பாக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவாவ. ஊருல முகூர்த்தப் புடவ வரைக்கும் எடுத்து வச்சிருக்காவ."

படியிறங்கும்போதுதான் பாண்டிச்செல்வி ஒரு தடவை திரும்பினாள்.

"நான் தொட வேண்டாம்னு சொன்னேன்லக்கா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இசக்கி எப்படியோ தாங்கியிருப்பாள். கீழே செங்கமலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இந்தத் தடவை கையில் விளக்குமாறு இல்லை.

வனமாமலை சொன்ன சொல் தவறவில்லை, ஓடிபி எண்ணைச் சொன்னார். வேலை தப்பியது. ஆனால் மாதக் கடைசியில் ரோலுக்கு எடுத்தவர்களில் பாண்டிச்செல்வி இல்லை, கேட்டுக்கு வெளியே நின்ற நாளுக்கு அவளுக்கு ஆப்சென்ட் விழுந்திருந்தது. இசக்கி இருந்தாள். அவள் எடுத்த லீவு சொல்லி எடுத்தது, அது கணக்கில் வராது. கழுத்தில் தொங்கவிட அவளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். பாண்டிச்செல்வி தன் அப்பாவிடம் இன்னொரு தவணை சொல்லியிருப்பதாக லைனில் யாரோ இசக்கியிடம் சொன்னார்கள். பாண்டிச்செல்வி இவளிடம் பேசுவதில்லை.

இப்போதும் பெண்கள் மாடிக்குப் போனோடு வருகிறார்கள். இசக்கி கையில் வாங்குவதற்கு முன்னால், "ஆப்புல யாரு நம்பர் இருக்கு?" என்று கேட்கிறாள். ஏஜென்ட் நம்பர் என்று சொன்னால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். திமிர் பிடித்துவிட்டது, கம்பெனி ரோல் ஆகிவிட்டாள் அல்லவா என்று அவர்கள் பேசிக்கொண்டு படியிறங்குகிறார்கள்.

இப்போதெல்லாம் காலையில் ஹாஸ்டல் வேன் கேட்டுக்கு வந்ததும், வனமாமலை முன் சீட்டிலிருந்து இறங்கி ஒரு பையிலிருந்து போன்களை எடுத்துக் கொடுப்பார். பெண்கள் வரிசையாக நின்று முகத்தைக் காட்டுவார்கள். எல்லோருக்கும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பாண்டிச்செல்விக்கு மட்டும் முகத்தைத் தூக்கியதுமே பச்சை விழும். இசக்கி அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போகாமல் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பச்சை விழுந்ததும் வனமாமலை கையை நீட்டுகிறார், வரிசையில் முதல் ஆளாகப் பாண்டிச்செல்வி போனைத் திருப்பிக் கொடுக்கிறாள்.