அப்பா காதில் கேட்ட விசில்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் மொத்த பிளாக்கின் கரண்டையும் பிடுங்கினால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? எங்கள் பிளாக்கில் எல்லோரும் அதையேதான் நினைத்தார்கள். பிடுங்கியவர் என் அப்பா. டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்.

அப்போது ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை. ராட்சச எஞ்சின்களை மேடையில் ஏற்றி, முழு வேகத்தில் ஓடவிட்டு, குறை கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள். அப்பா ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அதிலேயே சொல்லிவிடுவார். பெரிய அதிகாரிகளே "அவரைக் கூப்பிடு" என்பார்களாம். சத்தம் காதைக் கெடுக்காமலிருக்க வேலையில் கொடுத்த காது மூடி, கவர்கூடப் பிரிக்காமல் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. காதை மூடிக்கொண்டால் எஞ்சின் பேசுவது எப்படிக் கேட்கும் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்தி, "எங்கயோ விசில் அடிக்குது பாரு" என்றார். அம்மா அடுப்பில் இருந்த குக்கரைப் பார்த்தாள். அது அப்போதுதான் ஏறியிருந்தது. "இன்னும் ஒரு விசில்கூட வரலையே" என்றாள். "அது இல்லடி. மெல்லிசா, விடாம, கொய்ங்குனு."

அன்றைக்கு ஆரம்பித்தது. சத்தம் என்று ஒன்று இருந்தால் அதைப் போடுகிற மிஷின் ஒன்று இருந்தாக வேண்டும். இது அப்பாவின் வேதம். முதலில் டியூப் லைட்டின் சோக்கைக் கழற்றினார். பிறகு சீலிங் ஃபேன். பிறகு சுவர்க் கடிகாரம், ரேடியோ. அம்மாவின் தையல் மிஷினை ஏன் பிரித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது காலால் மிதிக்கிற மிஷின்! ஒவ்வொன்றின்மேலும் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்பார், அடுத்து என் காதில் வைப்பார். "கேக்குதா?" நான் முழிப்பேன். "தெரியலப்பா." அம்மாவோ எடுத்த எடுப்பில், "எனக்கு ஒரு எழவும் கேக்கல, ஆளை விடுங்க" என்று போய்விடுவாள். அப்பாவின் முகம் அப்படியே சுருங்கும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இரவில் அவர் தூங்குவது நின்றுபோனது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. மூன்றாவது வாரத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோளாறு பிளாக்கின் மெயின் ஒயரில் இருக்கிறது என்று முடிவுகட்டி, என்னையும் அழைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய், ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். மூன்று மாடியும் இருண்டது. கதாநாயகி பாதி அழுகையில் நின்றுபோனாள். டிவி, ஃபேன் எல்லாம் ஓய்ந்தன.

டார்ச் வெளிச்சத்தில் அப்பாவைப் பார்த்தேன். ஐயோ, அந்த முகம்! ரத்தமே இல்லை. பிளாக்கில் ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது, ஆனால் அவருக்குச் சத்தம் நிற்கவில்லை. எதற்கும் பயப்படாத என் அப்பா பயந்துபோயிருந்தார்.

"பாப்பா, எனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சாடி? உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்குதுப்பா," என்றேன். "கொய்ங்குனு. நல்லாவே கேக்குது."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? தெரியாது. அப்பா அப்படியே என்னை அள்ளிக் கட்டிக்கொண்டார். அதற்குள் தடதடவென்று படியிறங்கி வந்தார் மேல்வீட்டு வெல்டர். பக்கத்து ஊர்க்காரர்தான், சொந்த ஊர் பருத்திப்பட்டு. "இன்னா அண்ணாத்தே, படம் ஓடிக்கினு கீது, நீ கட்டைய புடுங்கிக்கினு நிக்கிற? ஊட்ல பொம்பளைங்கல்லாம் என்னைத் திட்டுதுங்க!" அவர் போட்ட கூச்சலுக்கு, சாதாரண நாளாக இருந்தால் அப்பா சண்டைக்குப் போயிருப்பார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கட்டைகளைத் திருப்பிச் செருகினார்.

மறுநாள் விடியற்காலையில் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போனார். கரண்ட் கம்பமே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார். "இங்க?" "இங்கயும் கேக்குதுப்பா." கொக்கு ஒன்று தண்ணீரில் நின்றிருந்தது. அப்பா நீண்ட நேரம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: இது ஏதோ ராணுவ முகாமில் வைத்திருக்கிற புதுக் கருவி. ரகசியமானது. கூர்மையான காதுக்கு மட்டும்தான் அகப்படும். வெளியில் மூச்சு விடக்கூடாது. டாக்டரிடம்கூடச் சொல்லக்கூடாது.

ஊரைச் சுற்றிலும் முகாமும் தொழிற்சாலையும் இருந்தால் மனிதனுக்கு இப்படியெல்லாம்தான் தோன்றும். நானும் நம்பினேன் என்பதுதான் கூத்து. என் காதில் ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்கே நன்றாகத் தெரியும், இருந்தும் நம்பினேன்! இரண்டு வாரம் நாங்கள் இருவரும் நாட்டின் ரகசியத்தைக் கட்டிக்காத்தோம். அவர் சாப்பாட்டின் நடுவில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், நான் தலையாட்டுவேன். "எம் பொண்ணுக்கு என் காது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். இரவில் கொஞ்சம் தூங்கவும் தூங்கினார்.

என் வாய்தான் சும்மா இருக்காதே. ஒருநாள் தலை பின்னும்போது அம்மாவிடம் உளறிவிட்டேன். பின்னல் பாதியில் நின்றது. "அடிப்பாவி! உனக்கும் கேக்குதா? பொம்பளைப் புள்ளைக்குக் காது போனா யாருடி கட்டிப்பாங்க?" என்று அலறியவள், ஒரு பக்கப் பின்னலோடேயே என்னையும், அரை நாள் லீவு போடவைத்து அப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

காது டாக்டர் வழுக்கைத் தலையர், சாந்தமானவர். அப்பாவின் காதில் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஏதோ மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சடசடவென்று விரல் எழுந்தது. பிறகு எழவே இல்லை. டாக்டர் குமிழைத் திருகத் திருக, அப்பா எதற்கோ காத்திருப்பவர்போல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது நான். தட்டினால் ரீங்கரிக்கிற இரும்புக் கவை ஒன்றை டாக்டர் எடுத்தார். அப்பாவைச் சோதித்தபோது அதை முழங்கையில் தட்டி, நெற்றியில் வைத்திருந்தார். என் காதருகே கொண்டுவந்து, "கேக்குதாம்மா?" என்றார்.

"கேக்குது டாக்டர்! கொய்ங்குனு!"

டாக்டர் அந்தக் கவையைத் தட்டவே இல்லை.

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது, இரும்போடு பழகியவர் ஆயிற்றே. அவர் என்னையே பார்த்தார். பளாரென்று ஒன்று விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பொண்ணு காதுல ஒரு குறையும் இல்ல," என்றார் டாக்டர். "உங்களுக்குத்தான். புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. வருஷக்கணக்கா எஞ்சின் சத்தத்துல காது உள்ள நரம்பு தேஞ்சுபோச்சு. மெல்லிசான சத்தமெல்லாம் உங்களுக்கு இப்ப கேக்கறதே இல்ல. அந்தக் காலி இடத்துல மூளையே ஒரு சத்தத்தைப் போட்டுக்குது."

"மருந்து?"

போன நரம்பு திரும்பாது என்றார். இனிமேலாவது காதை மூட வேண்டும், எஞ்சின் பக்கம் போகக்கூடாது, கடிதம் தருகிறேன், ஸ்டோர் வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி ரேடியோவை இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வைத்து, அந்த இரைச்சலை மெதுவாக ஓடவிட்டால் தூக்கம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். சத்தம் இருக்கும், தொந்தரவு குறையும். அப்பா எல்லாவற்றுக்கும் "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். அந்தக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஊரே கொண்டாடிய காது அது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். இனி செத்தாலும் பொய் சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அப்பா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். கையில் ஸ்க்ரூடிரைவர். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அதன் முனையைத் தன் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் பதித்து, கைப்பிடியை என் காதில் வைத்தார்.

"இப்ப சொல்லு பாப்பா. கொஞ்சமாவது கேக்குதா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவ்வளவு கவனமாக வாழ்க்கையில் நான் எதையும் கேட்டதில்லை. வெளியே யாரோ பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகா, என்னைச் சோதிக்கிறார், இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமே கேக்கலப்பா," என்றேன், தலை நிமிர்ந்து.

"நல்ல பொண்ணு," என்றார். ஸ்க்ரூடிரைவரைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். அங்கே கிடந்த காது மூடியை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு ரேடியோவைத் திருகி, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சோதனையில் தேறிவிட்ட சந்தோஷத்தில் நான் விளையாட ஓடினேன். உண்மை சொன்னதால் அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று மேல்வீட்டுப் பெண்ணிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அவர் என்னைச் சோதிக்கவே இல்லை என்பது தெரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று. இரண்டு வாரம் அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு துணை இருந்தது. அந்தத் துணை நிஜமாகவே இருந்துவிடாதா என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார்.