பின்சக்கரத்துக் கல்

அப்பாவை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் சம்மதித்தேன். அவருடைய ஜீப்பை வைத்துக்கொள்ள நான் சம்மதிக்கவே இல்லை. அம்மா போன மூன்றாம் மாதம், செம்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு அவர் திண்டுக்கல்லுக்கு வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், அதற்கப்புறம் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தபடி அதுவும் வந்து சேர்ந்தது. அன்று காலையில்தான் டயர்களுக்குக் காற்று அடித்திருந்தார்கள். எங்கள் வாசலில் நின்ற மறுநாளே நான்கும் சப்பிவிட்டன. இனி அதை நகர்த்த முடியாது என்று சொல்லிவிட்டு அப்பா சந்தோஷமாகக் காபி கேட்டார். அன்றிலிருந்து என் ஸ்கூட்டி தெருவில் நின்றது.

என் கணவர் கரண்டு ஆபீஸில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. ஒரு வாரம் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். எட்டாவது நாள், "மாமா, இதை ஓட வச்சுப் பாப்பமா?" என்று கேட்டார். அப்பா உடனே எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பத்து மாதம் அங்கேயேதான் இருந்தார்.

அந்தப் பத்து மாதமும் என் வீடு பட்டறையாகிவிட்டது. பானெட் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப் போட என் இட்லிக் கொப்பரைதான் கிடைத்தது என் கணவருக்கு. "பழசுதானேம்மா" என்றார். பழசுதான், நானும்தான் பழசு, என்னையும் மண்ணெண்ணெயில் போட்டு எடுங்கள் என்றேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பார்த்துவிட்டு, 'நம்ம சின்ன வயசு' என்று எழுதி இதயம் ஒன்றைப் போட்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அவனுடைய சின்ன வயசு அந்த ஜீப்பின் முன்சீட்டில் கழிந்தது. என்னுடையது பின்னால், மடியில் ஒரு கல்லோடு.

அப்பா சித்தையன்கோட்டை வழியாகப் பெரும்பாறைக்கு ஏறி, மலைவாழைத் தார்களை ஏற்றிக்கொண்டு கீழே வருவார். போகும்போது எஸ்டேட்காரர்களுக்கு உரம், அரிசி, சிமென்ட் எல்லாம் மேலே போகும். மலை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் ஏற்றத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும். ஹேண்ட் பிரேக் என்று ஒரு பிடி இருந்தது, இழுத்தால் கையோடு வரும், வேறு ஒன்றும் நடக்காது. அதனால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் குதித்து, பின்சக்கரத்துக்கு முட்டாகக் கல்லை வைக்க வேண்டும். பஸ் போனதும் கல்லை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, நகர்கிற வண்டியில் தொற்றி ஏற வேண்டும். பதினொரு வயதிலிருந்து அந்த வேலை எனக்கு. சனி, ஞாயிறு, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு எல்லாம் மலையில்தான். "ஏத்தா, கல்லு!" என்று முன்னாலிருந்து சத்தம் வரும்போது என் கால் ஏற்கெனவே தரையில் இருக்கும்.

கருங்கல். ஒரு பக்கம் ஆப்பு மாதிரி சரிவாக இருக்கும். ஆறு மாதக் குழந்தையின் கனம். ஆயுத பூஜை அன்று அப்பா ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு அந்தக் கல்லுக்கும் ஒன்று வைப்பார். அதைத் தூக்கிய எனக்குப் பொரிகடலை கிடைக்கும்.

பதின்மூன்று வயதில் ஒருநாள் மழை. ரோடு வழுக்கியது. கல்லை வைத்தேன், கையை எடுப்பதற்குள் வண்டி அரை அடி உருண்டுவிட்டது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கல்லுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. அப்பா இறங்கி வந்து பார்த்தார். துண்டைக் கிழித்துக் கட்டினார். பிறகு, தாரெல்லாம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், நாட்டுக்கட்டுப் போடுகிற இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். இரண்டு விரலும் கோணலாகவே சேர்ந்துவிட்டன. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எட்டு விரலில் டைப் அடிக்கிறேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். வண்டியில் அடிபட்டது என்பேன்.

இதைப் பற்றி அப்பா ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "சின்னதுல விளையாடுறப்ப பட்டுச்சு" என்றார். விளையாடுறப்ப! நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னிடம், தப்பு என் மேல்தான்த்தா என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நாற்பது வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன். அவருக்கு எண்பத்து மூன்று முடிந்துவிட்டது. எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது.

அந்தக் கல் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதம் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த என் கணவர், "மாமா, முன்சக்கரத்துக்குப் போற ராடைக் காணமே?" என்று கத்தினார். அப்பா பெருமையாகச் சொன்னார். "நாந்தான் கழத்திட்டேன் மாப்ள. நாலு சக்கரமும் இழுத்தா டீசல் என்னத்துக்கு ஆகும்? பின்சக்கரம் ரெண்டே போதும்." அந்த ராடு செம்பட்டியில் மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டாக நின்றிருந்தது. போய் எடுத்து வந்தார்கள். நான்கு சக்கரமும் இழுத்து ஏற வேண்டிய வண்டியை இரண்டு சக்கரத்தில் திணறத் திணற ஏற வைத்து, திணறி நிற்கும்போதெல்லாம் என்னைக் குதிக்க வைத்திருக்கிறார். அன்று நான் இதை மனதில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் கியர் பெட்டியைப் பிரிக்க செம்பட்டியிலிருந்து மெக்கானிக் வந்தார். அப்பா ஜீப் ஓட்டிய காலத்தில் அதை ரிப்பேர் பார்த்தவர் அவர்தான், இப்போது அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. டீ கொண்டுபோனேன். கியர் பெட்டிக்குப் பின்பக்கம் ஒரு சின்ன டிரம்மைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே கறுப்பாக எண்ணெய் வழிந்து கிடந்தது. அது என்ன என்று சும்மாதான் கேட்டேன்.

"இதாந்தாயி ஹேண்ட் பிரேக்கு. கியர் பெட்டி எண்ணெ ஒழுகி இதுக்குள்ள எறங்கிரும். எண்ணெயில ஊறுனா எப்பிடிப் பிடிக்கும்?" என்றவர், சுண்டு விரலில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிக் காட்டினார். வளையல் மாதிரி இருந்தது, ஓரம் பிய்ந்து போயிருந்தது. "இந்த ஆயில் சீலு போனதுதான். மாத்துனா முடிஞ்சது சோலி. அய்யாகிட்ட அப்பவே எத்தனையோ தடவ சொன்னேன். அரை நாள் வண்டி நிக்கணுமேன்னாரு. பெறகு, 'அதான் கல்லு வைக்கப் பிள்ளை இருக்காள்ல'ன்னு சிரிச்சாரு."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பழைய கதையாகச் சொன்னார். அந்தப் பிள்ளைதான் டீ டம்ளரோடு எதிரே நிற்கிறாள் என்பது பேச்சு முடியும்போதுதான் அவருக்கு உறைத்தது. என் கையைப் பார்த்துவிட்டு டீயை வாங்கி மடமடவென்று குடித்தார்.

நான் அந்த வளையத்தை வாங்கிக்கொண்டு போய், வெயிலுக்கு உள்ளே போய் உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் போட்டேன்.

"இது என்னன்னு தெரியுதாப்பா?"

எடுத்துப் பார்த்தார். தெரியும் அவருக்கு. "சீலு."

"இதை மாத்தியிருந்தா நான் கல்லு வச்சிருக்க வேண்டாமாம்."

"அவென் கெடக்கான். மலையில எந்த ஹேண்ட் பிரேக்கும் நிக்காதுத்தா. கல்லுதான் நிக்கும். வண்டி ஓட்டுனவன் நானு, உனக்கென்ன தெரியும்?"

"கல்லுதான் நிக்கும்னா அண்ணனை எறக்கி விட்டுருக்கலாம்ல?"

"அவென் படிக்கிற பிள்ளை."

"நான்?"

பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.  எண்பது வயதுக் கிழவரின் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. பிடுங்கவில்லை. அடுப்படிக்குப் போய் வெஞ்சனத்துக்கு வெங்காயம் நறுக்கினேன், அன்று ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

மறுநாளிலிருந்து நானும் ஜீப் வேலையில் இறங்கினேன். நான் மனம் மாறிவிட்டேன் என்று என் கணவர் நினைத்துவிட்டார். "பெயிண்டு என்ன கலர் அடிப்பம்?" என்றார். என்ன எழவு கலராவது அடியுங்கள், அந்தப் பிரேக்கை மட்டும் ஒழுங்காகப் போட வேண்டும், மலை ரோட்டில் ஏற்றத்தில் நிறுத்தி அந்த மனுஷனுக்குக் காட்ட வேண்டும் என்றேன். அந்த டிரம்மை நானே பெட்ரோல் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். புது ஆயில் சீலை மூன்று ஸ்பேர் கடை ஏறி இறங்கி நானே வாங்கி வந்தேன். மெக்கானிக் அதைப் பொருத்தும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா நாற்காலியிலிருந்து, "அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? ஹாரனைப் பாருங்கய்யா மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்தாவது மாதம் வண்டி தயாரானது. ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுவது என் கணவர். எனக்குப் பின்னால்தான் இடம். ஏறினேன். காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் அந்தக் கல். கழுவி, நெற்றியில் சந்தனப் பொட்டோடு. நான் குப்பையில் போட்ட அன்றே அப்பா தெருக் கூட்டுகிற அம்மாவிடம் சொல்லி அதை எடுத்து வைத்துவிட்டார் என்று அப்போதுதான் என் கணவர் சொன்னார். தூக்கி எறிய நேரமில்லை, எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டது.

செம்பட்டி, சித்தையன்கோட்டை எல்லாம் தாண்டி மலையடிவாரம் வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார். எந்தத் தென்னந்தோப்பு யாருடையது, யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள். ஏற்றம் தொடங்கியதும் பேச்சு நின்றது. மூன்றாவது வளைவுக்கு மேலே, நல்ல செங்குத்தில், நான் சொல்லி வைத்தபடி என் கணவர் வண்டியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கியரை எடுத்துவிட்டார். இன்ஜினை அணைத்தார்.

"ஏத்தா, கல்லு! கல்லை வை!"

அதே குரல். சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஐம்பத்து மூன்று வயதில், அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கல் என் மடியில் இருந்தது. எப்போது குனிந்தேன், எப்போது தூக்கினேன், எனக்கே தெரியாது. ஒரு கால் வெளியே தொங்கியது. கோணல் விரல் இரண்டும் கல்லின் சரிவில் தாமாகவே போய்ப் பொருந்தியிருந்தன. எனக்கு அழுகை வந்தது. அப்பா மேல் வந்ததைவிட அதிகமான கோபம் என் கை மேல் வந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"வைத்தா! உருளும்!"

"எறங்க மாட்டேன்" என்றேன்.

வண்டி உருளவில்லை. என் கணவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வண்டி நின்றது. கீழே எங்கிருந்தோ பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி ஏறி வந்து எங்களைக் கடந்து போனது. அதற்கும் வண்டி நின்றது. அப்பா கம்பியைப் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். தலையை வெளியே நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்த்தார். அங்கே கல் இல்லை, வெறும் ரோடுதான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு திரும்பாமலே கேட்டார். "அன்னைக்கும் இப்பிடி நின்னுருக்குமா?"

என் கணவர் நல்ல மனிதர். "அது வந்து மாமா, அந்தக் காலத்துல இந்த மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"நின்னுருக்கும்" என்றேன் நான்.

 அப்பா இடது கையைப் பின்னால் நீட்டினார். "அதை இங்கிட்டுக் குடு."

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் காத்திருந்த வார்த்தையை அவர் அன்றும் சொல்லவில்லை. பெரும்பாறை போய், ஒரு டீ குடித்து, திண்டுக்கல் வந்து சேரும்வரை அந்தக் கல் அவர் மடியில்தான் இருந்தது. டீயைக்கூட வண்டியிலேயே வாங்கிக் குடித்தார். இறக்கத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது அவர் தொடையில் இடித்தது. வெள்ளை வேட்டி அழுக்காகிவிட்டது.

"கனக்கும் மாமா, கீழ வைங்க" என்றார் என் கணவர், இரண்டு தடவை.

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கச் சொல்லவில்லை.